விலாசம்: எங்கிருந்தாலும்

ஓர் ஊரின் பெயரையே தபாலுக்காக மாற்றிய கதை ஒன்று உண்டு. வார்தாவிலிருந்து சுமார் ஐந்து மைல் தள்ளி சேகாவ் என்று ஒரு குக்கிராமம். மண் சுவர், மலேரியா, மழைக்காலத்தில் முழங்கால் சேறு. 1936இல் காந்தி அங்கே போய்க் குடியேறினார். அன்றைக்குப் பிடித்தது தபால் இலாகாவுக்குச் சனி. நாக்பூரிலிருந்து பம்பாய் போகும் ரயில் பாதையில் ஷேகாவ் என்று இன்னோர் ஊர், ஸ்டேஷன் உள்ள ஊர், முன்பே இருந்தது. இங்கிலீஷில் எழுதினால் இரண்டுக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். அவசரக் கையெழுத்தில் அதுவும் கிடையாது. சேகாவுக்குப் போகவேண்டிய தபால் ஷேகாவில் போய் இறங்கியது, ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. 1940இல் கிராமத்துக்குச் சேவாகிராமம் என்று பெயர் வைத்தார்கள். சேவைக்கு அடையாளம் அந்தப் பெயர் என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு நாம் உருகினோம். பெயர் மாற்றச் சொன்ன கட்டாயம் என்னவோ தபால் பையிலிருந்து வந்தது.

இந்தக் குழப்பமெல்லாம் ஊர்ப் பெயரை ஒழுங்காக எழுதியவர்களால் வந்தது. எழுதாதவர்களால் தொந்தரவே இல்லை. ‘மகாத்மா காந்தி, எங்கிருந்தாலும்’ என்று மட்டும் எழுதிய உறைகள் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இன்றும் பார்க்கலாம். யார் கொண்டு சேர்த்தது? ஓடும் ரயிலில், ஆர்.எம்.எஸ். என்ற ரயில் தபால் பெட்டிக்குள், புறாக்கூண்டு மாதிரி அடுக்கிய அறைகளில் நின்றபடியே கடிதங்களை வீசிப் பிரித்துக்கொண்டிருந்த சார்ட்டர் ஒருவர். பேர் தெரியாதவர். அவர் அன்று காலை பேப்பர் படித்திருப்பார். சபர்மதியா, எரவாடா ஜெயிலா, வார்தாவா, டில்லி பங்கிக் காலனியா என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அரசாங்கத்தின் முதல் எதிரி இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று ஒருவர் மனத்தில் குறித்து வைத்திருந்தார்.

இந்தக் கட்டுரை ஒரு சாவுச் செய்தி. எது செத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தந்தி செத்தது 2013 ஜூலையில். அதற்கு எல்லாரும் எழுதி முடித்தாயிற்று. பதிவுத் தபாலை 2025இல் விரைவுத் தபாலோடு சேர்த்து, தனிப் பெயரை எடுத்துவிட்டார்கள். போஸ்ட் கார்டு இன்னும் ஐம்பது காசுக்குக் கிடைக்கிறது, கேட்டால் கவுன்டரில் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். நான் இரங்க வந்தது இவற்றில் எதற்கும் தனியாக அல்ல. ஒரு சாதாரண ஆள், ஒரு போராட்டத்தின் தலைவருக்கு, நேராக அவர் பேருக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்காகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான் அல்லவா? பதிலும் வந்தது அல்லவா? அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குத்தான் இந்த இரங்கல்.

அதில் தமிழனுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு ஒன்று இருக்கிறது. 347 ரூபாய் 12 அணா.

1915 ஏப்ரல். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி மூன்று மாதமே ஆகியிருந்த காந்தி சென்னைக்கு வந்து, தம்புச் செட்டித் தெருவில் ஜி.ஏ. நடேசன் வீட்டில் தங்கியிருந்தார். அதே ஊரில் வ.உ. சிதம்பரம் பிள்ளை இருந்தார். கப்பல் ஓட்டி, இரட்டை ஆயுள் தண்டனை வாங்கி, கோவையிலும் கண்ணூரிலும் ஜெயிலில் கிடந்து 1912 கடைசியில் வெளியே வந்தவர். வக்கீல் சன்னதும் போய்விட்டது. குடும்பத்தோடு சென்னையில் அரிசிக்கும் பருப்புக்கும் திண்டாடிக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தமக்காகப் பணம் வசூலித்து அனுப்பியதாகவும் அது காந்தி கைவழியாக வரவேண்டியதாகவும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. ஆகவே எழுதினார்.

பார்க்க வேண்டும் என்று வ.உ.சி. கேட்க, காலை ஆறு மணிக்கு வந்தால் சில நிமிஷம் பேசலாம் என்று காந்தி பதில் போட்டார். அத்தனை சீக்கிரம் வந்துசேர முதல் டிராம் உதவாது என்று வ.உ.சி. மறுபடி எழுதினார். இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நான் நின்றுவிடுகிறேன். வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் கம்பெனி நடத்தியவர், டிராம் நேரத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதுகிறார். ஜட்கா பிடிக்கக் கையில் காசில்லை என்பதை அந்த வரியில் சொல்லவில்லை, சொல்லாமலே தெரிகிறது.

பிறகு பணம் எங்கே என்ற விசாரணை. காந்திக்கு நினைவில்லை, நேட்டாலுக்கு எழுதிக் கேட்கிறேன் என்கிறார். கடிதம் கப்பலேறிப் போய்த் திரும்ப வேண்டும். வ.உ.சி. விடவில்லை; நாசூக்காக, அண்ணனுக்கு எழுதுகிற தம்பி மாதிரி, ஆனால் விடாமல் நினைவூட்டுகிறார். நடுவில் காந்தி தமக்குத் தெரிந்த தமிழில் சில வரி எழுதிப் பார்த்ததும் உண்டு. 1916 தொடக்கத்தில்தான் பணம் கைக்கு வந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி அந்தக் கடிதங்களைத் தேடிப்பிடித்து, அந்தத் தொகையையே தலைப்பில் வைத்து ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். காந்தி பணத்தை இழுத்தடித்தாரா என்று சிலர் அதை வைத்து வழக்காடுவதுண்டு. எனக்கு அதில் படுவது வேறு. ஏறக்குறைய ஒரு வருஷம், ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது, மறுபக்கம் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. அன்றைக்குக் கார்டு விலை காலணா.

தந்திக்கு வேறு நியாயம். கார்டில் ஊர்வம்பு எழுதலாம், தந்தியில் வார்த்தைக்குக் காசு. போதாததற்கு அந்த நாளில் தந்தி போக வேண்டுமானால் இங்கிலீஷ் எழுத்தில்தான் போகும். மாயவரத்திலிருந்தோ கோவில்பட்டியிலிருந்தோ ஒருவர் காந்திக்குத் தந்தி கொடுக்க நினைத்தால், முதலில் இங்கிலீஷ் தெரிந்த வாத்தியாரையோ வக்கீல் குமாஸ்தாவையோ பிடிக்க வேண்டும். அவர் மனத்தில் இருந்த பத்து வரித் தமிழ், பாரத்தில் எட்டு இங்கிலீஷ் வார்த்தையாகச் சுருங்கும். அதையும் குமாஸ்தா ஒரு தடவை எண்ணிப் பார்த்து, மரியாதைச் சொற்களை அடித்துவிடச் சொல்வார். அப்படி அடிபட்ட ‘நமஸ்காரம்’ எத்தனையோ.

எங்கள் வீட்டுக்குத் தந்தி வந்தது எனக்கு நினைவு தெரிந்து ஒரே தடவை. சைக்கிள் மணி கேட்டதும் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்; கையெழுத்துப் போட மறுத்தாள். எதிர்வீட்டுத் தாத்தாவைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லுமுன் அழத் தொடங்கிவிட்டாள். மாமாவுக்கு வேலை கிடைத்த செய்தி அது. அழுகை நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று, தந்திக்காரருக்குக் காப்பி கொடுத்தோம். தந்தி என்றால் சாவு என்று எங்கள் தெருவில் ஒரு கணக்கு. கருமாதிக் கார்டை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுகிற வழக்கத்துக்கு அது அக்கா முறை. ஆனால் அரசியலில் தந்திக்கு இருந்த அர்த்தம் அவசரம் மட்டும்தான். அந்த அவசரம் ஒருமுறை பிந்திப்போனதன் விலையைச் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது.

1919 மார்ச்சில் காந்தி மறுபடி சென்னையில் இருந்தார். அப்போதுதான் சேலத்திலிருந்து குடிபெயர்ந்து வந்திருந்த ராஜாஜியின் விருந்தாளியாக, கஸ்தூரி ரங்க ஐயங்காரின் வீட்டில். ரௌலட் சட்டம் வந்துவிட்டது, என்ன செய்வது என்று பேசிப் பேசி ஓய்ந்த ஒரு விடியற்காலை, தூக்கமும் விழிப்புமாக இருந்த நேரத்தில், நாடு முழுக்க ஒருநாள் கடையடைத்து உபவாசம் இருக்கலாம் என்ற எண்ணம் கனவு மாதிரி வந்தது என்று சத்திய சோதனையில் எழுதுகிறார். முதலில் குறித்த நாள் மார்ச் 30. பிறகு ஏப்ரல் 6 என்று மாற்றினார்கள். மாற்றிய செய்தி தந்தியில் போயிற்று. டில்லிக்கு அது நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

டில்லி மார்ச் 30இலேயே கடையடைத்தது. சுவாமி சிரத்தானந்தரும் ஹக்கீம் அஜ்மல் கானும் முன்னே நின்றார்கள். இந்துவும் முஸ்லிமும் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கூட்டம் திரும்பியபோது போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். அதன்பிறகு சிரத்தானந்தரிடமிருந்து காந்திக்கு உடனே வா என்று தந்தி வந்தது; போகும் வழியில் பல்வல் ஸ்டேஷனில் காந்தியைப் பிடித்து இறக்கித் திருப்பியனுப்பினார்கள். அந்தச் செய்தி பரவி, பஞ்சாப் பற்றி, அமிர்தசரசில் தந்திக் கம்பியே அறுபட்டு, ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக். எல்லாவற்றையும் ஒரு தாமதத் தந்தியின் தலையில் கட்டிவிட முடியாது. ஜெனரல் டயர் சுட்டதற்கு டயர்தான் காரணம். ஆனாலும் சென்னையில் கண்ட கனவு டில்லிக்கு ஒரு தேதியிலும் மற்ற ஊர்களுக்கு வேறொரு தேதியிலுமாகப் போய்ச் சேர்ந்தது என்பதை நினைத்தால், அந்தப் போராட்டம் எத்தனை மெல்லிய கம்பியில் தொங்கியது என்று தெரிகிறது.

கம்பி யாருடையது என்பதுதான் இதில் வேடிக்கை. சர்க்காருடையது. 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டமும் 1898ஆம் வருஷத்துத் தபால் சட்டமும், பொது அமைதி என்று ஒரு வார்த்தை சொல்லி எந்தத் தந்தியையும் நிறுத்தவும் எந்தக் கடிதத்தையும் பிரிக்கவும் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தன. பிரித்தார்கள், படித்தார்கள், பல சமயம் நகல் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் பசை தடவி ஒட்டி, முத்திரை குத்தி, கொண்டுபோய்க் கொடுத்தும் விட்டார்கள். கொடுக்காமல் அமுக்கியதும் உண்டு. 1939 ஜூலையில் ஹிட்லருக்கு, யுத்தத்தைத் தடுக்க உங்களால்தான் முடியும் என்று காந்தி எழுதிய சின்னக் கடிதத்தை வெளியே போகவிடவில்லை. மதுரை காந்தி அருங்காட்சியகத்தில் அதன் பிரதியைப் பார்க்கலாம். அன்பு நண்பரே என்று தொடங்கும் அதைப் படித்துவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்கும் முதல் தடவை சிரிப்பு வந்தது.

ஜெயிலில் இந்தக் கண்காணிப்பு இன்னும் நெருக்கமானது. 1930இல் எரவாடாவிலிருந்து அரசியல் எழுதக்கூடாது என்பது நிபந்தனை. சரி என்று சொல்லிவிட்டு, ஆசிரமத்துக்கு வாராவாரம் செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு விரதத்தைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதினார். சத்தியம், அகிம்சை, நாவடக்கம் என்று. அது பின்னால் ஒரு புத்தகமாகிவிட்டது. 1942இல் ஆகா கான் மாளிகையில் அடைத்தபோது, உறவினருக்கு மட்டும், குடும்ப விஷயம் மட்டும் எழுதலாம் என்றார்கள். தனக்கென்று தனிக் குடும்பம் இல்லாமல் போய் வெகுகாலம் ஆயிற்று என்று சொல்லி, அந்தச் சலுகையையே காந்தி வேண்டாமென்றார்.

நடுவில் 1932. அந்த வருஷம் எரவாடாவில் அவரோடு வல்லபாய் படேலும் அவருடைய செயலாளர் மகாதேவ் தேசாயும் இருந்தார்கள். படேல் உட்கார்ந்து பழைய காகிதங்களை வெட்டி மடித்துக் கவர் செய்வார். மகாதேவ் தபாலைப் படிப்பார். காந்தி பதில் சொல்லச் சொல்ல, படேல் ஓரத்திலிருந்து நக்கலடிப்பார். நான் கனமான ஆள், நடந்தால் காலடியில் எறும்பு சாகிறதே, என்ன செய்வது என்று ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். காலைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடக்கச் சொல்லி எழுதுங்கள் என்றார் படேல். மகாதேவின் நாட்குறிப்பில் இந்த மாதிரி நிறைய. சுயராஜ்யம் கேட்டு எழுதியவர்களைவிட மலச்சிக்கல், மண்பட்டி, மாமியார் சண்டை, பிரம்மசரியம் என்று எழுதியவர்கள் அதிகமோ என்றுகூடத் தோன்றும். மொட்டைக் கடுதாசிகளுக்கும் குறைவில்லை. பேர் போட்டு எழுதத் தைரியமில்லையா என்று கண்டித்துக்கொண்டே சிலவற்றுக்குப் பத்திரிகையில் பதிலும் சொன்னார். எழுதுபவருக்குத் தலைவர், குடும்ப டாக்டர், பெரியப்பா எல்லாம் அவர்தான். இதைப் பக்தி என்று தள்ளிவிடலாம். ஆனால் பக்தர்கள் சாமிக்கு எழுதுவதற்குப் பதில் வருவதில்லை.

அதே வருஷம் செப்டம்பர் 20, செவ்வாய்க்கிழமை. தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி என்ற அறிவிப்பை எதிர்த்து நண்பகலில் உண்ணாவிரதம் தொடங்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் மனம் இதை ஏற்றால் ஆசி கொடுங்கள், ஏற்காவிட்டால் கண்டனத்தையும் பொக்கிஷமாக வைத்துக்கொள்வேன் என்பது சாரம். கடிதத்தை அனுப்பக் கொடுக்கிற வேளையில், ஜெயில் சூப்பிரண்டு அவர் கையில் ஒரு தந்தியை வைத்தார். தாகூரிடமிருந்து. கேட்ட ஆசி, கேட்ட கடிதம் புறப்படுமுன்பே வந்துவிட்டது. காந்தி அதே கடிதத்தின் அடியில், உங்கள் தந்தி இப்போதுதான் வந்தது, புயலுக்குள் போகும் எனக்கு அது துணை என்ற பொருளில் இரண்டு வரி சேர்த்து அனுப்பினார். கடிதத்துக்கும் தந்திக்கும் இருந்த வேக வித்தியாசம் ஒரே தாளில் தெரிகிற இடம் அது.

அந்த ஆறு நாளும் எரவாடாவுக்குத் தந்திகள் வந்து குவிந்தன. கோயில் திறந்தோம், கிணறு திறந்தோம் என்று ஊர் ஊராகச் செய்தி. படிக்கப் புல்லரிக்கும். ஆனால் அந்தக் குவியலில் யாருடைய தந்தி இருந்திருக்காது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். தந்திக்கு வார்த்தைக் காசு வேண்டும், இங்கிலீஷ் வேண்டும், தந்தி ஆபீஸ் வராந்தாவில் ஏறி நிற்க விடும் ஊர் வேண்டும். எந்தச் சனங்களைப் பற்றி அத்தனை வாக்குவாதமோ, அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த மூன்றும் கிடையாது. பாரம் முழுவதும் அம்பேத்கர் தலையில் இறங்கிற்று. ஒரு பக்கம் ஒரு கிழவரின் உயிர், மறுபக்கம் தம் மக்களின் உரிமை. 24ஆம் தேதி ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். நம் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் போட்டார்கள். லண்டன் ஒப்புக்கொண்ட செய்தியும் கேபிளில்தான் வந்தது. 26ஆம் தேதி தாகூர் நேரிலேயே வந்து பக்கத்தில் இருக்க, காந்தி பழச்சாறு குடித்தார். தந்தி வெற்றி பெற்றது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இத்தனைக்கும் பதில் எழுதிய கை எது? வலதுகை ஓய்ந்தால் இடதுகை. 1909இல் கப்பலில் ‘இந்து சுயராஜ்யம்’ எழுதும்போதே அந்தப் பழக்கம் வந்துவிட்டது. வந்த கடிதத்தின் வெற்றுப் பின்பக்கம், பிரித்த உறையின் உட்பக்கம், எல்லாம் அவருக்கு எழுதுதாள். திங்கட்கிழமை மௌனத்தில் எதிரே இருப்பவருக்குப் பதில் சொல்லும் துண்டுகளும் இவற்றில் வெட்டியவைதான். கஞ்சத்தனம் என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கென்னவோ, எழுதியவரின் மிச்ச இடத்திலேயே அடுத்தவருக்குப் பதில் எழுதுவது அவர் தபாலை நடத்திய விதத்துக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது.

கை காந்தியுடையது, கால் மகாதேவுடையது. சேகாவுக்குக் குடிபோன புதிதில் மகாதேவ் குடும்பத்தோடு வார்தாவில்தான் இருந்தார். தினமும் தபாலைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்தரை மைல் நடந்து போய், பதில்களை வாங்கிக்கொண்டு ஐந்தரை மைல் திரும்பி வருவார். விதர்ப்பாவின் வெயில் எப்படி என்று மே மாதம் ரயிலில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அவசரமானால் ஒரே நாளில் இரண்டு நடை. ரத்த அழுத்தம் ஏறியது அப்போதுதான். 1942 ஆகஸ்ட் 15, ஆகா கான் மாளிகையில், கைதாகி ஆறாம் நாள், ஐம்பது வயதில் இறந்துபோனார். இந்த இரங்கலில் தனியாக ஒருவருக்கு எழுந்து நிற்க வேண்டுமானால் அவருக்குத்தான் நிற்க வேண்டும். அவர் இறந்த வாரத்தில் நாடு முழுக்க, காந்தியின் பேரைச் சொல்லியே, தந்திக் கம்பிகளை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

எழுதிய பதில்களெல்லாம் இப்போது நூறு தொகுதி. இங்கிலீஷில் அந்தத் தொகுப்பு 1956இல் தொடங்கி 1994இல்தான் முடிந்தது. முதலில் ஆசிரியராக இருந்தவர் பாரதன் குமரப்பா, ஜே.சி. குமரப்பாவின் தம்பி. 1960இலிருந்து கால் நூற்றாண்டு அதைக் கட்டி இழுத்தவர் புதுக்கோட்டைக்காரரான பேராசிரியர் கே. சுவாமிநாதன். ஆக, காந்தியின் தபாலைப் பிரித்து அடுக்கிய கடைசி சார்ட்டர்கள் தமிழர்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். கார்டு, தந்தி, மௌனத்துண்டு என்று ஒன்றையும் விடவில்லை.

அந்தத் தொகுதிகளைப் புரட்டிக்கொண்டே போனால் அடிக்குறிப்பில் ஒரே மாதிரி வாசகம் திரும்பத் திரும்ப வரும்: இவருடைய கடிதம் கிடைக்கவில்லை. காந்தி சொல்கிறார், உங்கள் பையன் விஷயம் வருத்தமாக இருக்கிறது, பால் சாப்பிடுவதை விடவேண்டாம். பையனுக்கு என்ன ஆயிற்று? கிடைக்கவில்லை. நீங்கள் கேட்டது நியாயம், ஆனால் நான் ஒத்துக்கொள்ள முடியாது. என்ன கேட்டார்? கிடைக்கவில்லை. சபர்மதியில் ஆயிரக்கணக்கில் வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள், உண்மை. அதற்கும் வெளியே எத்தனை போயிற்று. பின்பக்கம் எழுதப்பட்டு வேறொருவர் வீட்டுக்குப் போனவை எத்தனை. டெலிபோனில் பேசுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கப் பேச்சை மட்டும் கேட்பது மாதிரி, நூறு தொகுதி விடைகளை வைத்துக்கொண்டு கேள்விகளை ஊகித்துக்கொண்டிருக்கிறோம். மாயவரத்துக்காரரின் எட்டு இங்கிலீஷ் வார்த்தையும் அதில்தான் எங்கோ போயிற்று.

நோய் எப்போது தொடங்கியது? சேவாகிராமத்திலேயே ஒரு சின்ன அறையில் டெலிபோன் இருக்கிறது. வைஸ்ராய் லின்லித்கோ காலத்தில், அவசரத்துக்குப் பேச வசதியாக சர்க்காரே போட்டுக்கொடுத்தது. டெலிபோனில் பேசியதற்கு அடிக்குறிப்பு போட முடியாது. அப்புறம் சுதந்திரம் வந்தது. தலைவர்கள் கோட்டைக்குள் போனார்கள். கடிதம் மனுவாயிற்று, மனுவுக்கு எண் போட்டார்கள், பதில் ‘தங்கள் மனு பெறப்பட்டது’ என்று அச்சில் வந்தது. தந்தியோ கல்யாண வாழ்த்தாயிற்று. நீண்டகால இல்லற வாழ்வு பெறுக என்று எழுத வேண்டியதில்லை, எட்டாம் நம்பர் என்று குறித்தால் போதும், அந்தப் பக்கம் முழு வாசகமாக வந்துவிடும். மண்டபத்தில் தந்திகளைக் கட்டாக வைத்துப் படிப்பார்கள். மந்திரி பேர் வந்தால் மட்டும் இரண்டு தடவை. பிறகு எஸ்.டி.டி., பிறகு கைபேசி. கடைசியில் தந்தி ஆண்டுக்கு நூறு கோடிக்கு மேல் நஷ்டக் கணக்காகி, 2013 ஜூலை 14 இரவோடு மூடினார்கள். அன்று மாலை தந்தி ஆபீசுகளில் திருவிழாக் கூட்டம். பல பேர் தங்களுக்குத் தாங்களே அடித்துக்கொண்டார்கள், ஞாபகத்துக்கு. நள்ளிரவுக்குச் சற்று முன் போன கடைசித் தந்தி ராகுல் காந்திக்கு என்று பேப்பரில் போட்டிருந்தது. விலாசத்தில் காந்தி என்ற பேர் கடைசிவரை இருந்தது என்பது வரை சரி.

மிச்சமிருக்கும் உறவுகள் என்று பார்த்தால், 1942இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி இருக்கிறது, பேரில். மார்கழிக் குளிரில் பல் தந்தி அடிக்கிறது. 1885க்கும் 1898க்கும் பதிலாக 2023இல் புதுச் சட்டங்கள் வந்துவிட்டன. இடைமறித்துப் பார்க்கும் அதிகாரம் அவற்றில் பத்திரமாக இருக்கிறது. இன்றைய தலைவர்களுக்கும் நாம் எழுதுகிறோம். கைபேசியில், லட்சக்கணக்கில், காசில்லாமல், தமிழிலேயே. பதில் வரும் என்று யாரும் திண்ணையில் உட்கார்ந்திருப்பதில்லை, திண்ணையும் இல்லை.

கடைசிக் கடிதங்களில் ஒன்று தெலுங்குச் சீமையிலிருந்து வந்தது. கொண்டா வெங்கடப்பய்யா, கிழட்டுக் காங்கிரஸ்காரர், தேசபக்தர் என்றே அழைக்கப்பட்டவர். சுயராஜ்யம் வந்து அரை வருஷம்கூட ஆகவில்லை, நம் ஆட்கள் பதவியை வைத்துப் பணம் பண்ணுகிறார்கள், ஜனங்கள் வெள்ளைக்காரனே தேவலை என்கிறார்கள் என்று மனம் நொந்து எழுதியிருந்தார். 1948 ஜனவரி 12, உண்ணாவிரதத்துக்கு முந்தின மாலை, பிரார்த்தனைக் கூட்டத்தில் படிக்கப்பட்ட தம் உரையில் காந்தி அதிலிருந்து பகுதிகளை எடுத்துக் காட்டினார். தன் கட்சிக்காரர்களைப் பற்றிய புகாரை, எழுதியவர் பேரோடு, கூட்டத்தில். அடுத்த பதினெட்டு நாளும் பிர்லா மாளிகைக்குத் தபால் வந்துகொண்டே இருந்தது. திட்டி எழுதியவையும் அதில் நிறைய.

30ஆம் தேதி மாலை சுட்டார்கள். அந்த நேரத்தில் தூத்துக்குடியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் புறப்பட்ட கார்டுகள் ரயிலில் பைக்குள் கிடந்திருக்கும். சிலவற்றில் டில்லி விலாசம் சரியாக இருந்திருக்கும். சிலவற்றில் ‘எங்கிருந்தாலும்’ என்று மட்டும் இருந்திருக்கும். மறுநாள் காலை ஆர்.எம்.எஸ். பெட்டியில் புறாக்கூண்டுகளுக்கு முன்னால் நின்ற சார்ட்டரும் அப்படி ஒன்றைக் கையில் எடுத்திருப்பார். வழக்கம்போல அன்றைக்கும் பேப்பரைப் படித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருப்பார்.